மீட்டர் பொய் சொல்கிறதா? வோல்ட், ஆம்பியர், வாட், யூனிட்: அறையில் தங்கி இருப்போர் அறிய வேண்டியவை

மும்பை சயான் கோலிவாடாவில் ஒரு சால். அதன் மாடியில் ஓர் அறை. அதில் நம் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் தங்கி இருக்கிறார்கள். சிலருக்கு பகல் ஷிப்டு, சிலருக்கு இரவு ஷிப்டு.

அறைக்கு உரிமையாளரும் நம்மவர்தான். நெல்லைச் சீமையில் இருந்து வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அறைக்குத் தனியாக ஒரு சப்-மீட்டர் மாட்டி இருக்கிறார். மாதக் கடைசியில் வந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி பணம் வாங்கிக்கொண்டு போவார்.

ஒரு மாதம் அவர் 206 யூனிட் என்றார். அறையில் சண்டை மூண்டது.

"அண்ணாச்சி, ரெண்டு பேன், ரெண்டு லைட்டு. இதுக்கு 206 யூனிட்டா?"

"மீட்டர் காட்டுறதத்தான் நான் கேக்கேன். நானா கூட்டிப் போடுதேன்?"

பேச்சு வளர்ந்தது. "மீட்டரில் ஏதோ செய்து வைத்திருக்கிறார்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். "அப்படியானால் அடுத்த மாதம் அறையைக் காலி செய்யுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டார்.

ஐவரில் ஒருவர் எனக்குப் பழக்கமானவர். அவர் என்னை வந்து அழைத்தார். நான் மெட்ரிக் படித்த ரெயில்வே குமாஸ்தா. எலக்ட்ரீசியன் அல்ல. ஆனால் எங்கள் ரெயில்வேயில் மின்சாரப் பிரிவு டெக்னீஷியன்களோடு டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, சில சங்கதிகளைக் கற்று வைத்திருந்தேன். அன்று அவை உதவின. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குழாயடியில் பாடம்

மின்சாரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் குழாய்த் தண்ணீரை நாம் தினமும் பார்க்கிறோம்.

காலையில் கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிறது. அழுத்தம் அதிகம் இருந்தால் மாடிவரை ஏறும். அழுத்தம் குறைந்தால் கீழ்க் குழாயிலேயே நூல் போல ஒழுகும். மின்சாரத்தில் இந்த அழுத்தத்துக்குப் பெயர் வோல்ட். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட்.

குழாயில் ஒரு வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? அதுபோல, கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைச் சொல்வது ஆம்பியர்.

குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் தடைபடும். மின்சாரத்துக்கும் அப்படி ஒரு தடை உண்டு. அதை அளப்பது ஓம்.

மூன்றுக்கும் ஒரே கணக்குதான். வோல்ட்டை ஓம்மால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். இதை 1827-ம் ஆண்டு வெளியிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் ஓம். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1800-ல் முதல் மின்கலத்தைச் செய்து காட்டிய இத்தாலிய விஞ்ஞானி வோல்டாவின் பெயரால் வோல்ட் வந்தது. பிரான்சு நாட்டு ஆம்பியரின் பெயரால் ஆம்பியர் வந்தது. நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயரால் வாட் வந்தது.

வாட் என்பது வேகம், யூனிட் என்பது தூரம்

பலர் குழம்புவது இங்கேதான்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். அதாவது ஒரு சாமான் எவ்வளவு வேகமாக மின்சாரத்தைத் தின்கிறது என்பதே வாட். அயர்ன் பாக்சில் 1000 வாட் என்று எழுதி இருந்தால், 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும்.

ரெயில் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது என்பதால் மட்டும் அது எவ்வளவு தூரம் போனது என்று தெரியாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் தெரிய வேண்டும். மீட்டர் கணக்கும் அப்படித்தான். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் சாமான் 10 மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்.

ஆகவே "அயர்ன் பாக்ஸ்தான் பில்லைக் கூட்டுகிறது" என்று அதை மட்டும் பழிப்பதில் அர்த்தம் இல்லை. அது தினம் அரை மணி ஓடினால் அரை யூனிட். சத்தம் இல்லாமல் சுழலும் பழைய பேன் 75 வாட். அது 14 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டைத் தாண்டிவிடும்.

இன்னொரு சந்தேகம். "1500 வாட் ராடு வாங்கினால் பில் கூடுமே, 1000 வாட் வாங்கலாமா?" என்று கேட்பார்கள். ஒரு பக்கெட், அதாவது 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் வேண்டும். 1000 வாட் ராடு அதை 28 நிமிடத்தில் செய்யும். 1500 வாட் ராடு 19 நிமிடத்தில் செய்யும். ஓடும் யூனிட் ஒன்றேதான். ராடை எடுக்க மறந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு இருந்தால்தான் நஷ்டம்.

செல்போனுக்கு வருவோம். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்ய, வீணாவதையும் சேர்த்து, 25 வாட் மணி வைத்துக்கொள்ளலாம். 40 முறை சார்ஜ் செய்தால்தான் ஒரு யூனிட். செல்போன் சார்ஜுக்குத் தனிப் பணம் கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

அறையின் கணக்கு

அன்று ஒரு தாளை எடுத்து, அறையில் இருந்த ஒவ்வொரு சாமானையும் எழுதினோம். ஒரு நாள் கணக்கு இது:

பேன் இரண்டு, 14 மணி நேரம்: 2.1 யூனிட்.

எல்.இ.டி. டியூப் இரண்டு, 6 மணி நேரம்: 0.24 யூனிட்.

டி.வி. 60 வாட், 4 மணி நேரம்: 0.24 யூனிட்.

தண்ணீர் ராடு 1500 வாட், ஒரு மணி நேரம்: 1.5 யூனிட்.

அயர்ன் பாக்ஸ், அரை மணி நேரம்: 0.5 யூனிட்.

செல்போன் ஐந்து: 0.12 யூனிட்.

மொத்தம் 4.7 யூனிட். முப்பது நாளுக்கு 141.

ஐவரும் அதிர்ந்து போனார்கள். "ரெண்டு பேன், ரெண்டு லைட்டு" என்று சண்டை போட்டார்களே, அதில் ராடும் அயர்ன் பாக்சும் விட்டுப் போயிருந்தன. அவர்கள் நினைத்ததைவிட அதிகம் செலவழித்திருக்கிறார்கள். ஆனாலும் 206-க்கும் 141-க்கும் இடையே 65 யூனிட் இடிக்கிறது. அது எங்கே போனது?

மீட்டரைச் சோதிப்பது எப்படி?

எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கும். மீட்டர் முகப்பில் 3200 என்று ஓர் எண் அச்சிட்டு இருக்கும். (சில மீட்டர்களில் 1600, 6400 என்றும் இருக்கும்.) அந்த விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள்.

அறையில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தண்ணீர்ப் பக்கெட்டில் 1500 வாட் ராடை மட்டும் போட்டோம். கணக்குப்படி நிமிடத்துக்கு 80 முறை மினுக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம். 78 வந்தது. வோல்டேஜ் சற்றுக் குறைந்திருந்தால் இப்படிக் குறையும். வோல்டேஜ் நன்றாக இருந்தும் நூற்றைத் தாண்டி வந்திருந்தால், மீட்டரைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. சந்தேகப்பட்ட தம்பியின் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்து ராடையும் அணைத்தோம். அறையில் எதுவுமே ஓடவில்லை. பிளக்குகளையும் பிடுங்கிவிட்டோம். மீட்டர் விளக்கு நின்றுவிட வேண்டும் அல்லவா?

நிற்கவில்லை. மெதுவாக மினுக்கிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தில் 24 முறை. அதாவது 90 வாட் எங்கேயோ ஓடுகிறது. 90 வாட் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 2.16 யூனிட். மாதத்துக்கு 65 யூனிட்!

தேடிப் பார்த்தோம். சூரிய வெளிச்சமே படாத பொது நடையில் ஒரு பழைய டியூப். கழிப்பறை வாசலில் இன்னொன்று. சோக் சேர்த்து ஒன்றுக்கு 45 வாட். 24 மணி நேரமும் எரிபவை. எந்தக் காலத்திலோ எந்த எலக்ட்ரீசியனோ, பக்கத்தில் இருக்கிறதே என்று அந்த இணைப்பை இந்த அறையின் மீட்டரில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உரிமையாளருக்கும் அது தெரியாது.

அவரை வரவழைத்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது என் கண்ணுல படல தம்பி" என்றார். அடுத்த வாரமே இரண்டு டியூபையும் பொது மீட்டருக்கு மாற்றி, எல்.இ.டி. போட்டுவிட்டார். அறையைக் காலி செய்யும் பேச்சு ஓய்ந்தது. பழைய பாக்கி பற்றிய பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.

வாடகை அறையில் இருக்கும் நண்பர்களே! சண்டைக்கு முன்னால் ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு கடிகாரம் எடுங்கள். இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதை அந்தச் சிவப்பு விளக்கு சொல்லிவிடும்.

வெறும் ஓட்டை

அன்று சோதித்தபோது வேறு ஒன்றும் கண்டோம். பில்லைவிட அதுதான் பெரிது.

மூன்று முனை சாக்கெட்டைப் பாருங்கள். மேலே பெரிய ஓட்டை. அது எர்த். கீழே வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பேசில் மின்சாரம் வந்து, நியூட்ரலில் திரும்புகிறது. எர்த்தில் சாதாரணமாக எதுவும் ஓடாது. அயர்ன் பாக்சின் உள்ளே கம்பி அறுந்து இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் நம் உடம்பு வழியாகப் போகாமல் பூமிக்குப் போவதற்குத்தான் எர்த். பிளக்கில் எர்த் முனை மட்டும் நீளமாக இருப்பது ஏன்? செருகும்போது அது முதலில் சேர வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும்.

அந்த அறையில் எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. ராடும் அயர்ன் பாக்சும் இத்தனை நாளும் பாதுகாப்பே இல்லாமல் ஓடி இருக்கின்றன. ஐவரில் இளையவர், "ராடு போட்ட பக்கெட்டைத் தொட்டா எப்பவும் கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், பழகிப்போச்சு" என்று சொன்னார். எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது. அந்தச் சுருக்கு, பழகிக்கொள்ளக் கூடிய சங்கதியே அல்ல.

பியூஸ் மனிதனைக் காப்பாற்றாது

"அதுதான் பியூஸ் இருக்கிறதே" என்று நினைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஈரக் கையோடு நிற்பவரின் உடம்புத் தடை சுமார் 1000 ஓம் என்று வைப்போம். 230-ஐ 1000-த்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதயத்தை நிறுத்த இது தாராளம். இதில் பாதியே போதும். ஆனால் 6 ஆம்பியர் பியூசுக்கோ எம்.சி.பி.க்கோ 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது பேசாமல் இருக்கும். மனிதன் விழுந்து கிடப்பான்.

பியூசும் எம்.சி.பி.யும் கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பவை. மனிதனைக் காப்பது வேறு. அதற்குப் பெயர் ஆர்.சி.சி.பி. பேசில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது எந்நேரமும் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் குறைந்தாலே, எங்கோ கசிகிறது என்று அறிந்து, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் 'டெஸ்ட்' பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். இணைப்பு விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவோர் உண்டு. அது காவல்காரனின் கையைக் கட்டிப்போடுவதற்குச் சமம். கம்பியில் ஓடும் ஆம்பியர் இரண்டு மடங்கானால், அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கு உரியது. அதில் 1380 வாட் வரைதான் தாங்கும். 1500 வாட் ராடை அதில் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்தான் வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ராடும் அயர்ன் பாக்சும் ஓடினால் ஏறக்குறைய 11 ஆம்பியர். அந்தப் பெட்டி உருகி நாறுவது இதனால்தான்.

டெஸ்டரும் மல்டிமீட்டரும்

நம் சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டர் பேஸ் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எத்தனை வோல்ட் என்று சொல்லாது. இன்னொன்று: நியூட்ரல் அறுந்துபோனால், சுவிட்ச் போட்ட நிலையில் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியக்கூடும். "இரண்டிலும் கரண்ட் வருகிறது, ஆனால் பேன் ஓடவில்லை" என்று திகைக்க வேண்டாம். நியூட்ரல் போய்விட்டது என்று பொருள்.

மும்பையில் லாமிங்டன் ரோட்டுக்குப் போனால் மல்டிமீட்டர் கிடைக்கும். அதில் 'வி' எழுத்தோடு அலைக்கோடு போட்டிருப்பது வீட்டு மின்சாரத்துக்கு. 'வி' எழுத்தோடு நேர்க்கோடு போட்டிருப்பது பேட்டரிக்கும் சார்ஜருக்கும். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுவது. பேட்டரி மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதுதான் சார்ஜரின் வேலை. அதன் உள்ளே டையோடு என்ற சிறு உறுப்பு, ஒருவழிப்பாதைக் காவலர் போல மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிறது.

ஓம் குறி உள்ள இடத்தில் வைத்தால் தடையைக் காட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். 1000 வாட் அயர்ன் பாக்சின் சுவிட்சைத் திருப்பி வைத்து, பிளக்கின் இரு முனைகளில் வைத்தால் 53 ஓம் அருகே காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயிலோ வயரோ அறுந்திருக்கிறது. எர்த் முனைக்கும் மற்ற முனைக்கும் இடையே தடை குறைவாகக் காட்டினால், உடம்பில் கசிவு இருக்கிறது. அந்தப் பாக்சைத் தொடவே கூடாது.

ஓர் எச்சரிக்கை. மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துக்கொண்டு சாக்கெட்டில் குத்தாதீர்கள். அது நேரடி ஷார்ட். கருவி வெடிக்கும். கை போகும்.

ரெயில் நிலையத்துப் பலகை

நான் தினமும் பார்க்கும் பலகை ஒன்று உண்டு: '25,000 வோல்ட் அபாயம்.'

இந்தியாவின் முதல் மின்சார ரெயில் 3-2-1925 அன்று மும்பை விக்டோரியா டெர்மினசில் இருந்து குர்லாவுக்கு ஓடியது. அப்போது கம்பியில் 1500 வோல்ட், ஒரே திசை மின்சாரம். படிப்படியாக மாற்றி, 2016-ல் மும்பை புறநகர் பாதைகள் முழுவதும் 25,000 வோல்ட் ஆகிவிட்டன.

ஏன் மாற்றினார்கள்? நம் பழைய கணக்கேதான். ஒரு ரெயிலுக்கு 30 லட்சம் வாட் வேண்டும் என்று வைப்போம். 1500 வோல்ட்டில் 2000 ஆம்பியர் ஓட வேண்டும். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர் போதும். ஆம்பியர் குறைந்தால் கம்பியில் சூடாகி வீணாவதும் குறையும். கம்பியும் மெல்லியதாக இருக்கலாம்.

ஆனால் 25,000 வோல்ட்டுக்கு நீங்கள் தொட வேண்டிய அவசியம் இல்லை. நெருங்கினாலே பாயும். 2 மீட்டருக்கு உள்ளே போகக் கூடாது. கூட்டம் என்று கூரைமேல் ஏறும் பையன்கள் இதை அறியார்கள். தெரிந்த நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

அறையில் எர்த் இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று லைசென்சு உள்ள எலக்ட்ரீசியனைக் கொண்டு பாருங்கள். செலவை உரிமையாளரோடு பேசிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ராடை முதலில் தண்ணீரில் போட்டு, பிறகு சுவிட்சைப் போடுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். இரும்பு பக்கெட் வேண்டவே வேண்டாம்.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதறி அவரைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். பிறகு 108-க்கு போன் செய்யுங்கள்.

அந்த அறையில் இப்போது மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பச்சைக் கம்பி வந்துவிட்டது. ஆர்.சி.சி.பி.யும் மாட்டியாகிவிட்டது. அதற்கு உரிமையாளர் பாதி, ஐவரும் பாதி கொடுத்தார்கள். மாட்டிய மூன்றாம் நாள் காலை, இளையவர் ராடு போட்டதும் அது படக்கென்று விழுந்தது. "புதுசு, அதுக்குள்ள கெட்டுப்போச்சு" என்று எனக்கு போன் செய்தார்.

கெட்டுப்போனது அது அல்ல. ராடு. பழகிப்போன அந்தச் சுருக்கைத்தான் அது பிடித்திருந்தது. ராடை அன்றே தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார்கள்.